தட்டை எடுக்காதே

கையெழுத்துப் போட மாட்டேன். எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் சரி, பேனாவின் மூடியைக் கழற்றி விரலுக்குள் திணித்தாலும் சரி, போட மாட்டேன். காகிதம் மடியில் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் தூக்குகிறது, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். தெரியும். மெதுவாக வரும், ஆனால் வரும். 'இல்லத்தின் பராமரிப்பு மிகவும் திருப்தியாக உள்ளது' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்குள் டிக்கையும் அவர்களே அடித்துவிட்டார்கள். கீழே உறவினர் பெயர், உறவுமுறை. உறவுமுறை என்ற இடத்தில் மேனேஜரம்மாவே 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறார். இந்தக் காகிதத்தில் உண்மை என்று இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்களாம். மனவளர்ச்சி குறைந்த பெண்களுக்கான இந்த இல்லத்தில் இருக்கிற நாற்பது பேருக்கும் வீட்டு ஆட்கள் ஒவ்வொரு காகிதம் கொடுக்க வேண்டுமாம். "முப்பத்தொம்பது வந்துருச்சுங்கய்யா, உங்களோடதுதான் பாக்கி" என்றார் ஜெயசுதா மேடம். மேனேஜர் என்றாலும் நாற்பது வயதுக்கு மேல் இருக்காது, பேச்சில் ஒரு மரியாதை, அதைக் குறை சொல்ல முடியாது. "என் தங்கச்சி சோலையம்மா ஏன் இப்படி எலும்பாப் போனா, அதுக்குப் பதில் சொல்லுங்க, போடறேன்" என்றேன். "அதான் போன மாசமே சொன்னேனேய்யா. டாக்டர் பார்த்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். வயசு அம்பத்திநாலு ஆச்சு. பசி கொறையுது. நாங்க தட்டுல போடத்தான் முடியும், வாயில திணிக்க முடியாதுல்ல." அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "திருப்தி இல்லேன்னா கட்டாயமில்லைங்கய்யா. வேற நல்ல இடமாப் பார்த்து தாராளமா கூட்டிட்டுப் போகலாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பேசிவிட்டு மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதை நான் மறப்பதில்லை. எங்கே கூட்டிப் போவேன் என்று தெரிந்துகொண்டு சொன்னது அது. பஞ்சு குடோனில் வாட்ச்மேன் நான். குடோனுக்குள்ளேயே கயிற்றுக் கட்டில். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பீடி கூடாது, பெண்பிள்ளை தங்கவே கூடாது. தெரிந்துதான் சொன்னார். அரை மணி நேரம் இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசியுங்கள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். யோசிக்கிறேன். யோசித்துவிட்டும் போட மாட்டேன்.

பினாயில் வாடை. குறை சொல்லக் கூடாது, தரை சுத்தமாகத்தான் இருக்கிறது. தலை வாரி விட்டிருக்கிறார்கள், நகம் வெட்டி விட்டிருக்கிறார்கள், துவைத்த நைட்டி போட்டிருக்கிறார்கள். அடிப்பதில்லை, அதையும் பார்த்தாகிவிட்டது. காயம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், என்ன தேடுகிறேன் என்று தெரிந்து மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காயம் இல்லை. ஆனால் எடை இல்லை. முப்பத்தாறு வருடம் ஜின்னிங் பேக்டரியில் பஞ்சைப் பேலாக, கட்டாக அமுக்கியவன் நான். கட்டு விழும்போதே இது இத்தனை கிலோ குறைகிறது என்று சொல்வேன், முதலாளி தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். போன மாசம் சோலையின் கையைப் பிடித்து எழுப்பியபோது எனக்குத் தராசு தேவைப்படவில்லை. இங்கே கொண்டுவந்து விட்டு பதினோரு மாதம். பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கும், கூடவே இருக்கும். இன்று காலையில் வந்ததும் பார்த்தேன், நைட்டியின் கழுத்தில் இரண்டு ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார்கள். ஊக்கு குத்தியவளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லையா? இந்தத் துணி இவளுக்கு முன்னே சரியாக இருந்ததே, இப்போது ஏன் ஊக்கு என்று ஒரு நிமிடம் கை நிற்கவில்லையா? ஊக்கு இருந்தது, குத்தினாள், அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அம்மா இருந்தபோது சோலை கனமாக இருப்பாள். ஆட்டுரலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். பேச்சு அதிகம் கிடையாது, அண்ணே, அம்மா, வேணும், வேணாம், இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஓட்டிவிட்டாள். அம்மா செத்ததும் ஒரு வருடம் நானும் அவளும் வாடகை வீட்டில் இருந்தோம். ஒருநாள் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டாள். வீட்டுக்காரன் மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிட்டான். அவனையும் மறக்கவில்லை. திருப்பூரிலிருந்து என் மகன் போன் பண்ணினான். "ஹோம்ல விட்டுருங்கப்பா, நெட்ல பார்த்தேன், நாலு ஸ்டாரு போட்டிருக்காங்க" என்றான். ஒருநாள் வந்து அத்தையைப் பார் என்றேன். வருகிறேன் என்றான். பதினோரு மாதமாக வந்துகொண்டிருக்கிறான்.

எனக்கு இந்த மறக்காத புத்தி ஒரு வியாதி என்று என் பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது சொல்வாள். "ஒங்க மனசு என்ன மனசா, போலீஸ் ஸ்டேசனா?" என்பாள். இருக்கட்டும். யாராவது ஒருத்தன் மறக்காமல் இருக்க வேண்டாமா? சித்தப்பா மகன் குருசாமியோடு முப்பத்தோரு வருடமாகப் பேச்சு இல்லை. எதிரில் வந்தால் நான் தெருவை மாற்றிக்கொள்வேன். அவன் மகள் சடங்கு. ஊரெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. சோலையைக் காணோம். தேடிப் போனால் சமையல் கொட்டகைக்குப் பின்னால், விறகு மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். எச்சில் இலை வந்து விழுகிற இடம். "என்னடா இது?" என்று கேட்டேன். "முறைமாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்கண்ணே, கடைசிப் பந்தியில உக்கார வெச்சுக்கிருவோம்" என்றான். அதையும் மெதுவாக, தோளைத் தொட்டுச் சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் தங்கச்சி கடைசிப் பந்தியா, என் தங்கச்சி மிச்சம் மீதி தின்கிறவளா என்று கத்தினேன். சட்டைப் பை கிழிந்து கையோடு வந்துவிட்டது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் வர மாட்டேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எனக்கு என் கோபம் பெரிதாக இருந்தது. அவளைப் பட்டினியாகத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன், நானும் சாப்பிடவில்லை. அம்மா பழைய சோற்றை எடுத்து வைத்தாள். எனக்கு. முதலில் எனக்குத்தான் வைத்தாள்.

"தாத்தா, என்ன பரீச்சையா எழுதுற?" யார் என்று நிமிர்ந்து பார்த்தால் பிரேமலதா. இங்கே இருக்கிற பெண்தான், முப்பது வயது இருக்கும், குட்டையாக, உருண்டை முகம், தடித்த கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டியிருப்பாள். போன தடவையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தாள். "நான் உனக்குத் தாத்தாவா? சோலை என் தங்கச்சி. அவளை அக்காங்கிற, என்னைத் தாத்தாங்கிற." "சோலக்காவுக்கு முடி கருப்பு. ஒனக்கு வெள்ளை. அப்ப தாத்தா." சரிதான். "சேவு கொண்டாந்தியா?" கொண்டுவந்திருக்கிறேன், சாத்தூர்ச் சேவு, அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போன தடவை பொட்டலத்தைச் சோலையின் கையிலேயே கொடுத்தேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போய் ஒவ்வொருத்தி கையிலும் வைத்துக்கொண்டே போனாள். "உனக்குத்தான்டி வாங்கியாந்தேன், ஊருக்கா வாங்கியாந்தேன்" என்று திட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திட்டிய வாயோடு கிளம்பிவிட்டேன். "இன்னிக்கு என்ன சாப்பாடு, பிரேமா?" சும்மா கேட்டேன். "சாம்பாரு. புடலங்கா. வடை கெடையாது. பொறந்தநாள்காரங்க வரல." பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் வெளியாட்கள் சாப்பாடு போடுவார்கள், வாரத்தில் நாலு நாளாவது யாராவது வருவார்கள், சுவரில் கரும்பலகையே இருக்கிறது, இன்று அதில் ஒன்றும் எழுதவில்லை. "பொறந்தநாள்காரங்க வந்தாத்தான் சோலக்கா தின்னும். இன்னிக்குத் தின்னாது." என்ன சொல்கிறாள்? வடை இருந்தால் தின்பாள், சாம்பார் என்றால் தின்ன மாட்டாள் என்கிறாளா? மேடமும் இதையேதான் சொன்னார், ருசியாக இருந்தால் சாப்பிடுகிறார், பிடிவாதம் என்றார். சோலைக்குப் பிடிவாதமா? புளித்த கூழைக் கொடுத்தாலும் குடிக்கிறவள். "வடைக்காகவா?" என்றேன். பிரேமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை. "வடையை எனக்குக் குடுத்துரும். போட்டோ எடுப்பாங்கல்ல? பாட்டுப் பாடுவோம்ல? நேரமாகும்ல? மணி அடிக்க மாட்டாங்க. எல்லாரும் தின்னுட்டு எந்திரிச்சப்புறம் சோலக்கா தின்னும். மத்த நாளு மணி அடிச்சுருவாங்க. ஆயா இருக்குல்ல, அழகுத்தாயக்கா, தட்டத் தூக்கிரும். நெறஞ்ச தட்டு. நாய்க்கு." "காலையிலயும் அப்படித்தானா?" "காலையிலயும் நாய்க்கு. ராவைக்கும் நாய்க்கு. அது குண்டாயிருச்சு." சிரித்தாள். கண்ணாடியைத் துடைத்துக் கொடு என்று என்னிடம் நீட்டினாள். வேட்டியின் நுனியால் துடைத்துக் கொடுத்தேன். "நீ இதை மேடத்துக்கிட்ட சொல்லலையா?" "அவங்க கேக்கல."

அவங்க கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாரும் தின்ற பிறகு தின்பாள். சரி, அது எங்கே இருந்து வந்தது? அம்மாவிடமிருந்து. அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, அப்பாவுக்குப் போட்டு, அப்பா கை கழுவி, நான் கை கழுவி, என் பெண்டாட்டி வந்த பிறகு அவளையும் உட்காரவைத்து, மகன் தூங்கிப் போனால் எழுப்பி ஊட்டிவிட்டு, கடைசியில் அடுப்பங்கரையில் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அம்மா பக்கத்தில் சோலை. ஐம்பது வருடம் அப்படி. பொம்பளை கடைசியில் தின்பதுதான் வீட்டு வழக்கம், அதை ஒரு தப்பு என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்தது கிடையாது. அதில் சோலை கற்றுக்கொண்டது இதுதான், ஒருத்தர் பசியோடு இருக்கும்போது நான் வாயில் வைக்கக் கூடாது. அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் தெரியும், ஆனால் இது தெரியும். விறகு மேல் உட்காரவைத்தபோதுகூட அவள் அழவில்லை, இப்போது ஞாபகம் வருகிறது, அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. கடைசிப் பந்திக்குக் காத்திருந்தாள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்து அந்தச் சோற்றையும் கெடுத்தேன். குருசாமி ஒருநாள் செய்ததை என் வீட்டில் தினம் மூன்று வேளை செய்தோம். இல்லை, இல்லை, அவன் செய்தது வேறு, அவன் மறைக்கப் பார்த்தான், ஆட்கள் பார்க்கக் கூடாது என்று ஒளித்தான், அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் நான்? அம்மா செத்த பிறகு அந்த ஒரு வருடம்? ஓட்டலில் இரண்டு பொட்டலம் வாங்கி வருவேன். ஒன்றைப் பிரித்து நான் தின்றுவிட்டு, ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, குடோனுக்குக் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்தால் பொட்டலம் காலியாக இருக்கும். தின்றுவிட்டாள் என்று இலையைத் தூக்கிப் போடுவேன். அவள் தின்பதை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதது எப்போதிலிருந்து என்று பின்னால் போய்ப் பார்க்கிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன், சின்ன வயதுக்குப் போய்விட்டேன், அங்கேயும் இல்லை. இங்கே சேர்க்கும்போது இந்த மேடம் பெரிய காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கம் எப்படி, குளிப்பது எப்படி, சாப்பாட்டில் ஏதாவது பழக்கம் உண்டா. "ஒரு தொந்தரவும் இல்லம்மா, என்ன போட்டாலும் திம்பா" என்றேன். கூடுதலாக ஏதாவது சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம். பயம் பாதி. மீதி, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அதைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அதற்காக நான் தலையைக் குனிந்துகொண்டு டிக் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேனா? மாட்டேன். நான் அண்ணன், பேல் அமுக்கினவன், எனக்குத் தெரியவில்லை, என் மேல் தப்பு இருக்கிறது, அதை நான் சாகிறவரை வைத்துக்கொள்வேன், அதற்கு என் மனதில் இடம் இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு இது வேலை. பதினோரு மாதம், வெளியாட்கள் வராத வேளையெல்லாம், நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நாய்க்குக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, ஐந்து நிமிடம் விட்டுப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய சாப்பாட்டு நோட்டில் 'சாப்பிட மறுக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள், நானே பார்த்தேன். மறுத்தாளா? காத்திருந்தாள். காத்திருப்பதற்கும் மறுப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். காகிதத்தில் கீழே, 'குறைகள் இருப்பின்' என்று இரண்டு கோடு காலியாக விட்டிருக்கிறது. எழுத மாட்டான் என்று நினைத்து விட்ட கோடு. பேனாவைப் பிடித்தேன். எழுத்து பெரிதாகத்தான் வருகிறது, கோட்டுக்குள் நிற்காமல் கீழே வழிகிறது. 'சோலை எல்லாருக்கும் பிறகு தான் சாப்பிடுவாள். தட்டை எடுக்காதே.' எடுக்காதீர்கள் என்று எழுதியிருக்க வேண்டுமோ? இடம் இல்லை. இருக்கட்டும், எடுக்காதே. டிக் இருந்த கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு அடி அடித்தேன், காகிதம் கிழிந்தது. அதற்கும் கீழே பெயர். தவசிலிங்கம். போட மாட்டேன் என்ற கையெழுத்தைப் போட்டுவிட்டேன், ஆனால் அவர்கள் கேட்டதற்கு இல்லை.

மேடம் வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை வாசித்தார். "என்னய்யா இது, இப்படியெல்லாம் எழுதக் கூடாது. இதை எப்படி நான் ஆய்வுல காட்டுவேன்?" "காட்டுங்க. நீங்க காட்டலைன்னா அவங்க வர்ற அன்னிக்கு நான் வாசல்ல நின்னு வாயால சொல்வேன்." "சேர்க்கும்போது நீங்கதானே சொன்னீங்க, என்ன போட்டாலும் சாப்பிடுவாங்கன்னு?" சரியான இடத்தில் அடித்தார். "ஆமா, சொன்னேன். தெரியாமச் சொன்னேன். இப்பத் தெரிஞ்சு சொல்றேன்." "யாரு சொன்னது இந்தக் கதையை?" பிரேமா என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். "யாரு சொன்னா என்ன? வாங்க, சாப்பாட்டு நேரம்தானே, போய்ப் பார்ப்போம்." "விசிட்டர்ஸ் சாப்பாட்டு ஹாலுக்குள்ள வரக் கூடாதுங்கய்யா, ரூல்ஸ் இருக்கு." "என்னை வெளியே தள்ள ரெண்டு ஆள் வேணும்மா. உங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு ஆயாதான். அவங்க சோறு போடப் போயிட்டாங்க." அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. போனதும் நல்ல முகமாகத்தான் இருந்தது, களைத்துப்போன முகம். "வாங்க" என்றார்.

ஹாலில் தட்டுச் சத்தம். நீள நீள பெஞ்சுகளில் நாற்பது பெண்கள். இரண்டு ஆயாக்களில் மூத்தவளான அழகுத்தாய் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், ஊற்றுகிறாள், ஒருத்தி வாயைத் துடைக்கிறாள், இன்னொருத்தி தட்டைத் தள்ளிவிடாமல் பிடிக்கிறாள். சோலை கடைசி பெஞ்சின் ஓரத்தில். சோறும் சாம்பாரும் புடலங்காயும் முன்னால் இருக்கிறது. இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் தின்பதை, எதிரில் இருப்பவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பசியில் பார்க்கிற பார்வை இல்லை அது. எல்லாருக்கும் வந்ததா என்று பார்க்கிற பார்வை. அம்மாவுடைய பார்வை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே" என்றாள். மணி அடித்தது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பெண்கள் எழுந்து கை கழுவப் போகிறார்கள். அழகுத்தாய் தட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தாள், சோலையின் தட்டில் கை வைத்தாள், நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். "எடுக்காத." "அது திங்காதுண்ணே. வெச்சா ஈதான் மொய்க்கும்." "எடுக்காதன்னு சொன்னேன்." "நாப்பது பேருக்கு ரெண்டு பேருண்ணே நாங்க. ஒவ்வொண்ணு வாயையும் பார்த்துக்கிட்டு நின்னா நான் எப்பத் துணி தொவைக்க?" நியாயம்தான். நியாயத்தைக் கேட்டுக்கொண்டே கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஹால் காலியாகிவிட்டது. சோலை தின்னவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தின்னவில்லை. சாம்பார் மேல் ஆடை படிகிறது. "பார்த்தீங்களாய்யா" என்றார் மேடம், குத்தலாகக்கூட இல்லை, வருத்தமாக. தின்னுடி, தின்னுத் தொலை, என் மானத்தை வாங்காதே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சோலை என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

நான் சாப்பிடவில்லை. அதுதான். ஹாலில் நான் ஒருத்தன் சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டு அவளைத் தின்னு என்கிறேன். "எனக்கு ஒரு தட்டு போடுங்க" என்றேன். அழகுத்தாய் சிரித்துவிட்டாள். "அண்ணனுக்குமா?" "எனக்கு மட்டுமில்ல. நீ சாப்பிட்டியா?" "நாங்க மூணு மணிக்குத்தாண்ணே." "அப்ப நீயும் உக்காரு. அந்த இன்னொரு ஆயாப் பொண்ணையும் கூப்பிடு. மேடம், நீங்க?" மேடம் நின்றுகொண்டே இருந்தார். "நான் ஆபீஸ்லதான்யா சாப்பிடுவேன், டிபன் பாக்ஸ் கொண்டாந்திருக்கேன்." "அவளுக்கு ஆபீசு தெரியாதும்மா. முன்னால நிக்கிறீங்க, சாப்பிடலை. அது மட்டும்தான் தெரியும்." பிரேமா அதற்குள் ஓடிப்போய் மேடத்தின் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், மூடியைத் திறந்தும் பார்த்துவிட்டாள். "எலுமிச்சஞ்சோறு!" மேடம் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பிட்டோம். ஐந்து பேரும் சாப்பிட்டோம், பிரேமா இரண்டாவது தடவை. சாம்பாரில் உப்புக் குறைவு, சொல்லவில்லை, அதை வேறு ஒருநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறிப்போன புடலங்காய் தொண்டையில் நிற்கிறது, தண்ணீர் விட்டு இறக்குகிறேன். வேகமாகத் தின்கிறேன், மேடம் மெதுவாகத் தின்கிறார், சீக்கிரம் தின்னும்மா என்று மனதுக்குள் திட்டுகிறேன். சோலை ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழகுத்தாய் முடித்தாள். அந்தப் பெண் முடித்தாள். நான் வழித்து முடித்தேன். மேடம் கடைசிப் பருக்கையையும் எடுத்து வாயில் போட்டு, பாக்ஸை மூடி, கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

சோலை இடதுபக்கம் பார்த்தாள். வலதுபக்கம் பார்த்தாள். தட்டைத் தன்பக்கம் இழுத்தாள். புடலங்காயை ஓரத்தில் ஒதுக்கிவைத்து, சோற்றை நடுவில் குழித்து, சாம்பாரை உள்ளே தள்ளி, பிசைந்தாள். மூன்று விரலால் உருட்டி, உருண்டையைத் திருப்பிப் பார்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இப்படித்தான் தின்பாளா? ஐம்பத்திநாலு வருடம் இப்படித்தான் தின்றாளா? அடுத்த உருண்டை சீக்கிரம் வந்தது. அதற்கடுத்தது அதைவிடச் சீக்கிரம். கண்ணைத் திறக்கவே இல்லை. அழகுத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "நான் என்ன பாவி" என்று ஏதோ முணுமுணுத்தாள். மேடத்தைப் பார்த்துச் சொன்னேன், இப்போது விட்டால் நானும் பணிவானவனாகிவிடுவேன் என்ற பயத்தில் சொன்னேன். "நோட்டுல மறுக்கிறார்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிச்சுட்டு இன்னிக்குத் தேதி போட்டு இதை எழுதுங்க. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாசிப்பேன். மெதுவாத்தான் வாசிப்பேன், ஆனா வாசிப்பேன்." "மணியை எப்படிய்யா மாத்துறது, ஆள் பத்தாதே" என்றார் மேடம். "அதையும் அந்தக் காகிதத்துல எழுதுங்க. ஆய்வுக்கு வர்றவங்க வாசிக்கட்டும். நானும் கீழ கையெழுத்துப் போடறேன்." தட்டு காலியாகிவிட்டது. ஒதுக்கிவைத்த புடலங்காயையும் தின்றுவிட்டாள். விரலை நக்கினாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கி அழகுத்தாயிடம் நீட்டினாள். கழுவக் கொடுக்கிறாள் என்று அவள் வாங்கப் போனாள். சோலை விடவில்லை. "வேணும்" என்றாள்.

அழகுத்தாய் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "சட்டியெல்லாம் கழுவிக் கவுத்துட்டாருண்ணே சமையல்காரரு. ஒரு பருக்கை இல்ல." மேடம் என்னைப் பார்த்தார். கடைசி பஸ் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது, பஸ் போனாலும் இருக்கிறது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப உலையை வைங்க" என்றேன்.